மடையைத் திருப்பின நாய்

1

எங்கள் கேம்ப்புக்கு வருகிற நாய் ஒவ்வொன்றுக்கும் சர்ட்டிபிகேட் உண்டு. ஊசி போட்ட தேதி, போட்ட டாக்டர் பேர், நாய் பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். என் பிறந்த தேதி எனக்குத் தெரியாது. பசுவந்தனைக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டுக்கொண்டார். அந்தத் தேதியை வைத்துத்தான் பாஸ்போர்ட், விசா, குடியுரிமை எல்லாம் வாங்கினேன். இங்கே அமெரிக்காவில் ஒரு ஆபீசில் இருந்த அம்மா என் பேப்பரையும் என் பெண்டாட்டி பேப்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் எல்லோருமே ஜூன் மாதம்தான் பிறப்பீர்களா?" என்று கேட்டாள். "யெஸ் மேடம்" என்றேன். அதைவிட நீளமான இங்கிலீஷ் அப்போது என்னிடம் கிடையாது.

படித்தது அஞ்சாங்கிளாஸ். கோவில்பட்டியில் லாரி கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் சார்ஜாவில் டிரைவர். அங்கிருந்து ஒரு குஜராத்தி முதலாளி தன் ஓட்டலில் குழாய் ரிப்பேருக்கும் கரண்டு ரிப்பேருக்கும் என்று ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிவந்தார். இன்றைக்கு ஃப்ளோரிடாக் காட்டின் ஓரத்தில் என் பேரில் ஒரு ஆர்.வி. கேம்ப் இருக்கிறது. ஆர்.வி. என்றால் அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த வண்டி. குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். கரண்டு, தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றையும் நான் போட்டுக் கொடுத்திருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு, நாலு நாள் காட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாயையும் கூட்டிவரலாம். நாய்க்குக் குளிக்கத் தனித் தொட்டி, ஓடத் தனி வேலி. இதெல்லாம் நானே யோசித்தது. எவனும் சொல்லித்தரவில்லை.

இதெல்லாம் போக ஒன்று இருக்கிறது. என் இடத்துக்குள் ஒரு ஊற்று இருக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து தானாகவே பொங்கி வருகிறது. மோட்டார் இல்லை, மாடு கட்டி இறைக்கிற கமலை இல்லை. அடியில் கிடக்கிற காசு மேலே நின்றால் தெரியும். கோடையிலும் அதே அளவு, மழையிலும் அதே அளவு. அது ஓடையாகி என் வேலியைத் தாண்டி சர்க்கார் காட்டுக்குள் போய் ஆற்றில் கலக்கிறது. அந்த இடத்தை நான் வாங்கினபோது பாங்கில் இருந்தவன்கூட, ஏன் இந்தப் பாழடைந்த கேம்ப் என்று கேட்டான். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. ஒருத்தர் வந்து அந்தத் தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்றுதான் வாங்கினேன்.

போன மாதம் அவர் வந்துவிட்டார்.

2

அவர் பேர் சீனிச்சாமி. என் பெரியப்பா மகன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

எங்கள் தாத்தா வெட்டின கிணறு ஒன்று. பெரியப்பாவுக்கும் எங்கள் அப்பாவுக்கும் பொது. மானாவாரிக் காட்டில் அந்த ஒரு கிணற்றை நம்பி ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் மிளகாய் போட்டிருந்தார்கள். இன்றைக்குப் பெரியப்பா முறை என்றால் நாளைக்கு எங்கள் முறை. முறை வந்தவன் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடுத்தவன் மடையை அடைத்துவிட்டுத் தன் மடையைத் திறந்துகொள்வான். கிணற்றுத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். மறுபடி ஊறவேண்டும்.

மிளகாய் பூ வைத்திருந்த நேரம். எங்கள் முறை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நானும் எங்கள் நாய் மணியும் மடையில் காவல். சீனி அண்ணன் வந்தார்.

"ஏலே காளி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு. போயிக் கஞ்சி குடிச்சிட்டு வா. மடைய நான் பாத்துக்கிடுதேன்."

போனேன். கூடப் பிறக்காத அண்ணன் சொன்னால் போகமாட்டானா ஒரு பையன்? மணி நிழலில் படுத்திருந்தது, அதை எழுப்பவில்லை. திரும்பி வந்து பார்த்தால் எங்கள் மடை அடைத்திருக்கிறது, தண்ணீர் அவர்கள் மிளகாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது, கிணறு அடி தெரிகிறது.

சாயங்காலம் அப்பா திரும்பினதும் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சீனி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கண்ணை இமைக்காமல் சொன்னார்:

"நான் ஒண்ணும் தொடல மாமா. இவிய நாய்தான் எலியத் தோண்டுதேன்னு கரைய ஒடைச்சி மண்ண மடையில தள்ளிருச்சு. நான் கண்ணால பாத்தேன்."

நம்பிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. ஒருத்தர் எழுந்து அப்பாவைப் பார்த்து, "நாயக் கட்டிப்போடத் தெரியாதவனுக்கு முறை எதுக்குடே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கரையைக் கெடுத்ததற்குத் தண்டனையாக எங்களுக்கு அடுத்த முறையும் கிடையாது என்று தீர்த்தார்கள். பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. அந்த வருஷத்தோடு அப்பா மிளகாய் போடுவதை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்.

கூட்டம் நடந்த மறுநாளே அப்பா மணியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய், கடம்பூர் ரயில்வே ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார். நான் அழுதேன். "நாயால மானம் போச்சு" என்றார். சாகும் வரைக்கும் அப்பா அதை நம்பினார். என் சொல்லை நம்பவில்லை, சீனிச்சாமி சொல்லை நம்பினார்.

இதைத்தான் நான் மறக்கவில்லை. தண்ணீரைக்கூட விட்டுவிடுவேன்.

3

சீனி அண்ணன் மகன் ராஜா அட்லாண்டாவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லையென்றாலும் அவன் நல்ல பையன். போன் பண்ணினான்.

"சித்தப்பா, ராஜா பேசுதேன். அப்பா ஊர்லேந்து வந்திருக்காவ. லீவுக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்திருக்கோம். எங்க பாத்தாலும் எடம் நெறஞ்சிருச்சு, இல்ல நாய் ஆவாதுங்கான். லியோவ விட்டுட்டு வர மாட்டேன்னு நிலா ஒரே அழுகை. உங்க எடத்துல..."

"உங்கப்பாவும் வாராவளா?" என்று மட்டும் கேட்டேன்.

"வாராவ சித்தப்பா. உங்க எடம்னு இன்னும் சொல்லல."

"சொல்லாத. வாங்க."

ஊற்றுக்கு நேர் எதிரே உள்ள இடம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பேசியிருந்தது. அவர்களை வேறு பக்கம் மாற்றிவிட்டு அதை ராஜாவுக்குக் கொடுத்தேன். கேம்ப் கணக்கு வழக்கு பார்ப்பது என் மகள் செல்வி. அவள் இங்கேயே வளர்ந்தவள். கோபத்தைக்கூட மாதாந்திரத் தவணை மாதிரி முடித்துவிடவேண்டும் என்று நினைக்கிறவள். "அப்பா, வயசானவரு. பழசெல்லாம் எதுக்கு?" என்றாள். "உனக்கு எதுவும் பழசு இல்ல தாயி, அதான் அப்படிப் பேசுத" என்றேன்.

வண்டி வந்து நின்றது. முதலில் நாய் குதித்தது. பொன்னிறம், கொழுத்த நாய். அப்புறம் நிலா, எட்டு வயது. அப்புறம் வேட்டியும் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருமாக அவர். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"யாரு, காளியா?"

"நான்தான். வாங்கண்ணே. எல்லாம் நம்ம எடம்தான்."

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்! கூட்டிக்கொண்டு போய் ஊற்றைக் காட்டினேன். நீலமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். வாயைக் கொப்பளித்தார். அவர் முகம் கறுக்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி இருக்கு," என்றார். "ஆனா ருசி இல்லலே. சப்புன்னு இருக்கு. நம்ம கெணத்துத் தண்ணியில ஒரு உப்பு உண்டும்."

ராஜாவின் பெண்டாட்டி, எனக்கு மருமகள், ஃப்ரீசரில் வைத்திருந்து கொண்டுவந்த போளி டப்பாவை நீட்டினாள். "மாமா ஊர்லேந்து கொண்டாந்தது. கடம்பூர்ப் போளி." கடம்பூர் என்று கேட்டதும் எனக்குத் தின்ன மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டுபோய் அவர் கண் முன்னாலேயே என் கறுப்பு நாய்க்கு ஒன்றைப் போட்டேன். தின்றுவிட்டு அது வாலை ஆட்டியது. அவர் பார்த்தார். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

4

மூன்று நாள் அவர் ஊற்றைச் சுற்றியே வந்தார். நிலா குளித்தாள், மருமகள் ஆமையைப் போட்டோ எடுத்தாள், ராஜா மரத்தில் கட்டின ஊஞ்சல் துணியில் படுத்து லாப்டாப் பார்த்தான். இவர் மட்டும் ஓடைக் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்கன போவுது இது?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"கடலுக்கு."

"நடுவுல ஒருத்தனும் பாய்ச்சலையா?"

"இல்ல."

"ராவு பகலா போவுது. ஒருத்தனும் பாய்ச்சல." தலையில் கை வைத்துக்கொண்டார். செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. கரிசல்காட்டுக்காரனுக்கு மட்டும்தான் அந்த வேதனை தெரியும். நானும் இந்த இடத்தை வாங்கின முதல் வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லுவேனா? போகட்டும், நன்றாக வேகட்டும் என்று இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் செல்வி ஓடிவந்தாள். "அப்பா, கீழ சைட்ல டென்ட்டுக்குள்ள தண்ணி. ஊத்து ஓடை பூராவும் கலங்கிப் போச்சு."

போய்ப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை. பாதி இடிந்து கிடந்தது. ஓடையிலிருந்து என் மிளகாய்ப் பாத்திப் பக்கமாக ஒரு வாய்க்கால். வீட்டுக்கென்று நான் போட்டிருக்கிற சின்னப் பாத்தி அது. பக்கத்தில் நிலாவின் ரோஸ் கலர் பிளாஸ்டிக் மண்வெட்டி கிடந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. கரிசல் மண்ணைக் குழைத்துக் கரை போட்டால் இரும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். இங்கே இருப்பது மணல். மனுஷன் வாழ்நாள் பூராவும் கரிசலில் கரை போட்டவர், மணலை நம்பிக் கரை போட்டிருக்கிறார். தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது, அப்புறம் கரையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்தவன் டென்ட்டுக்குள் போய்விட்டது. சேறு வேலியைத் தாண்டி சர்க்கார் காட்டுக்குள் போய்விட்டது. அங்கே ஓடைக்குள் ஒரு கல்லை நகர்த்தவும் உத்தரவு வேண்டும். மீன் முட்டையிடுகிற இடம்.

காட்டிலாகா வண்டி வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

5

தொப்பி வைத்த அம்மா ஒருத்தி இறங்கினாள். கரையைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள், யார் செய்தது என்று கேட்டாள். கேம்ப்பில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ராஜா, மருமகள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிலா, பின்னால் வேட்டியில் சேறோடு சீனி அண்ணன். அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

"அப்பா, நீங்களா?" என்று ராஜா தணிந்த குரலில் கேட்டான்.

அவர் என்னைப் பார்த்தார், தொப்பிக்காரியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். அதே மாதிரி. கண்ணை இமைக்கவில்லை.

"நான் இல்லப்பா. நம்ம நாய்தான் தோண்டிருச்சு. நான் கண்ணால பாத்தேன்."

ராஜா அதை இங்கிலீஷில் சொன்னான். தொப்பிக்காரி நாயைக் குனிந்து பார்த்தாள். அப்படியானால் நாய் இன்றைக்கே வெளியேறவேண்டும், இந்தக் கேம்ப்பில் நாய்களை விடுவது சரிதானா என்பதையும் மேலே எழுதிக் கேட்கவேண்டியிருக்கும் என்றாள். நிலாவுக்கு அது விளங்கிவிட்டது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். லியோ ராத்திரி பூராவும் தன்னோடு வண்டிக்குள்தான் இருந்தது, தாத்தா சொல்வது பொய் என்று இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அழுதாள். தாத்தாவுக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்காத மாதிரி நின்றார்.

"மேடம், ஒன் மினிட்," என்றேன்.

இடியாமல் நின்ற பாதிக் கரையின் பக்கம் போய் நின்றேன். புல்லோடு பெயர்த்த ஒரு மண்கட்டி, வேர் மேலே பார்க்க, அதன்மேல் மண், அதன்மேல் குதிங்காலால் மிதித்த குழி. மறுபடி புல் கட்டி, மண், குழி. வரிசையாக. எங்கள் கிணற்றடியில் அப்படித்தான் மடை அடைப்போம். இந்த நாட்டில் அந்த வேலை தெரிந்தவர்கள் அன்றைக்கு ரெண்டே பேர். ஒருத்தன் நான்.

"அண்ணே," என்றேன், ஊர்க் கூட்டத்தில் கேட்கிற மாதிரி சத்தமாக. "நாய்க்குக் குதிங்கால் உண்டா?"

அவர் வேட்டியில் இருந்த சேற்றைத் தட்டினார்.

"இங்கன வந்து ஒங்க கால இந்தக் குழியில வைங்க. சேராட்டா நான் நாய வெளிய அனுப்புதேன்."

"ஏலே, புள்ளைக முன்னால..."

"எங்கப்பாவப் பாத்தும் புள்ளைக முன்னாலதான் சிரிச்சீக."

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சித்தப்பா, என்ன விசயம்?"

"உங்கப்பாகிட்டக் கேளு. இது அவருக்கு ரெண்டாவது நாய்."

தொப்பிக்காரி செல்வியிடம் என்னவென்று கேட்டாள். குடும்ப விஷயம், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று செல்வி சொன்னது காதில் விழுந்தது. என்னைப் பார்த்து, "அப்பா, போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை.

"தொப்பி போட்ட அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்று அவரிடம் சொன்னேன். "ஓடை என் எடத்துல, பழி என்மேல. அத நான் எடுத்துக்கிடுதேன். ஆனா எனக்கு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கும் சரி, அன்னைக்கும் சரி. யாரு மடையத் திருப்புனது? சொல்லலைன்னா அம்மாகிட்ட ஒங்களக் கைகாட்டுவேன். ஒங்க மகனுக்கு இங்க வேல, விசா எல்லாம் இருக்கு. யோசிச்சிக்கிடுங்க."

விசா என்றால் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். ஒரு கரை போட்டதற்கு விசாவை யாரும் பிடுங்கமாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ராஜா வாயைத் திறக்கப்போனான், முறைத்தேன், மூடிக்கொண்டான்.

சீனி அண்ணன் அப்படியே ஓடைக் கரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் கையிலிருந்த சேற்றை நக்கியது. அதை அவர் விலக்கவில்லை.

"நாய் இல்ல," என்றார்.

"எப்ப?"

"ரெண்டு தரமும்."

"சத்தமா சொல்லுங்க. மகனுக்குக் கேக்கட்டும்."

"ரெண்டு தரமும் நான்தாம்லே! போதுமா? எங்க ஐயா என் மிளகா காஞ்சா என்னத் தோல உரிச்சிருப்பாரு. ஒங்கப்பன் சாது, பொறுத்துக்கிடுவாருன்னு நெனச்சேன். இப்ப இந்தத் தண்ணி சும்மா போறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒன் மிளகாய்க்குத்தான்லே திருப்புனேன். எனக்கா திருப்புனேன்?"

அது உண்மை. வாய்க்கால் என் பாத்திக்குத்தான் வந்திருந்தது. அது பிராயச்சித்தம் என்று செல்வி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஏற்கவில்லை. பழக்கம் அது. மிளகாய்ச் செடியைக் கண்டால் அந்த மனுஷன் கை மடையைத் திருப்பும், அவ்வளவுதான். பிராயச்சித்தம் பண்ண வந்தவன் மறுபடியும் நாயைக் காட்டுவானா?

தொப்பிக்காரியிடம், என் ஆள் ஒருத்தர் தெரியாமல் செய்துவிட்டார், பொறுப்பு நான், நாய்க்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் ஓடை பழையபடி இருக்கவேண்டும் என்றாள். நான் ஆள் விடவில்லை. அந்த ரோஸ் கலர் மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நிலா கரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். "இங்க இன்னும் இருக்கு தாத்தா," என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் விரட்டினாள். மத்தியானம் வரைக்கும் அள்ளினார். நான் ஒரு நாற்காலியைப் போட்டு, காப்பியை வைத்துக்கொண்டு, முழுசும் பார்த்தேன். அவருக்கும் ஒரு காப்பி கொடுக்கச் சொன்னாள் செல்வி. வேலை முடியட்டும் என்றேன்.

6

மறுநாள் கிளம்பினார்கள். ராஜா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நீ ஏன் கேட்கிறாய் என்று அனுப்பினேன். நாய் என் வேட்டியில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டது. அவர் மட்டும் படியில் கால் வைத்தவர், மறுபடி இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

"காளி."

"சொல்லுங்க."

"ஊர்ல மட்டும் சொல்லிராதலே. எல்லாரும் என்கிட்டத்தான் ஞாயம் கேக்க வாராவ. கோயில் முன்னால எனக்குத்தான் முதல் நாற்காலி. இந்த வயசுல அது போச்சுன்னா நான் அங்கன இருந்துக்கிட முடியாது. மத்தது என்ன வேணாலும் செய்யி."

நான் பதில் சொல்லவில்லை. கழுவித் துடைத்த அந்தக் கையை என் தோளில் வைத்தார், எடுத்தார், ஏறிக்கொண்டார். வண்டி மரங்களுக்குள் போகும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

செல்வியிடம் சொன்னபோது, "பாவம்ப்பா. விட்டுருங்க. அவரு உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல" என்றாள். எங்கள் அப்பாவும் அந்த ஊரில் வேறு எதுவும் கேட்கவில்லை. தன் நாய் தன் மானத்தை வாங்கவில்லை என்று யாராவது சொல்லவேண்டும் என்பதை மட்டும்தான் கேட்டிருப்பார். அதையும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போய்ச்சேர்ந்தார். கடம்பூர் ஸ்டேஷனில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதல் நாற்காலி. எங்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்த அதே கோயில் முன்னால்!

ஆகவே சீனி அண்ணனுக்கு என் பதிலை இங்கே எழுதிவிட்டேன். செல்வி தட்டச்சு செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். கையால் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், பேரை மட்டும் மாற்றவேண்டாம். பசுவந்தனைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்கள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போய், நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சத்தமாக வாசியுங்கள். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லையென்றால் இந்தக் கடைசி வரி போதும்.

எங்கள் மடையைத் திருப்பினது சீனிச்சாமி. மணி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது.